பிரவுன் அடிக்கிற வைரம்: தெரிந்து வாங்கும் முறை

பழைய மோதிரத்தை மாற்றப் போன இடத்தில் கடைக்காரர் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துவிட்டு, "கல்லு பிரவுன் அடிக்குதே" என்று விலையைக் குறைக்கும்போதுதான் பலருக்கு வைரத்தில் பழுப்புச் சாயல் என்று ஒன்று இருப்பதே தெரியவருகிறது. வாங்கியபோது கொடுத்த சான்றிதழில் எச் கலர் என்று இருந்திருக்கும். சான்றிதழ் பொய் சொல்லவில்லை, கல்லும் மாறவில்லை. வைரங்களுக்குச் சான்று தரும் ஜி.ஐ.ஏ. ஆய்வகத்தின் நிற அளவுகோல் டி முதல் இசட் வரை போகிறது. டி என்றால் நிறமே இல்லாத கல், எழுத்து தள்ளிப்போகப்போக நிறம் கூடும். அதில் டி முதல் ஜே வரையுள்ள கற்களுக்கு நிறம் எவ்வளவு என்பதை மட்டுமே எழுத்தில் குறிப்பார்கள். அந்த நிறம் மஞ்சளா பழுப்பா என்று அங்கே எழுதுவதில்லை. கே-யில் தொடங்கித்தான் பழுப்புக் கல்லுக்கு எழுத்தோடு ஒரு சொல்லும் சேரும். கே, எல், எம் என்றால் ஃபெயின்ட் பிரவுன். என் முதல் ஆர் வரை வெரி லைட் பிரவுன். எஸ் முதல் இசட் வரை லைட் பிரவுன்.

ஆக, அதிகம் விற்பனையாகும் ஜி, எச், ஐ, ஜே கற்களில் பழுப்பைக் கண்டுபிடிக்கும் வேலை வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. மொத்த வியாபாரத்தில் இதற்குத் தனிச் சொற்களே உண்டு. பிரவுன், கிரீன், மில்க்கி (பால் கலந்ததுபோன்ற மங்கல்) மூன்றையும் சேர்த்து பி.ஜி.எம். என்பார்கள். இந்த மூன்றும் இல்லாத கல் 'நோ பி.ஜி.எம்.' பழுப்பின் அளவை டி.டி.எல்.பி., டி.எல்.பி., எல்.பி. என்று பிரிப்பார்கள்: டாப் டாப் லைட் பிரவுன், டாப் லைட் பிரவுன், லைட் பிரவுன். சூரத்திலும் மும்பையிலும் பொட்டலம் கைமாறும்போது இதைக் கேட்காமல் யாரும் விலை பேசுவதில்லை. சில்லறைக் கடைக்கு வரும்போதுதான் இந்தச் சொற்கள் காணாமல் போகின்றன.

எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வைரம் வாங்குவோரில் மூன்று வகை உண்டு. பழுப்பே வேண்டாம் என்பவர்கள் முதல் வகை. காசு மிச்சமாகட்டும், லேசாக இருந்தால் பரவாயில்லை என்பவர்கள் இரண்டாம் வகை. காபி நிறக் கல்தான் வேண்டும் என்று தேடி வருபவர்கள் மூன்றாம் வகை. மூவருக்கும் பார்க்கும் முறை ஒன்று, வாங்க வேண்டிய கல் வேறு.

இரண்டாம் வகைக்காரருக்குச் சரியானது ஜி முதல் ஜே வரையுள்ள டி.டி.எல்.பி. கல், அல்லது சான்றிதழிலேயே ஃபெயின்ட் பிரவுன் என்று எழுதிய கே, எல் கல். 30 முதல் 70 சென்ட் (நூறு சென்ட் ஒரு காரட்), வட்டக் கல், தங்க நிற மோதிரம் என்றால் போட்டபிறகு பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. என் முதல் இசட் வரையுள்ள பழுப்பைப் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது. வெள்ளை என்றும் சொல்ல முடியாது, காபி நிறம் என்று காட்டவும் முடியாது, இரண்டும் கெட்டான். பழுப்பு வேண்டுமென்றால் இசட்டைத் தாண்டி, நிறத்துக்காகவே வாங்கும் ஃபேன்சி வகைக்கே போய்விடலாம்.

பழுப்பு எங்கிருந்து வருகிறது

மஞ்சள் சாயலுக்குக் காரணம் பெரும்பாலும் கல்லில் கலந்த நைட்ரஜன். பழுப்பின் கதை வேறு. பூமிக்கு அடியில் இருந்த காலத்தில் அழுத்தம் தாங்காமல் படிகத்தின் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று லேசாகச் சறுக்கியிருக்கும். சறுக்கிய தளங்களில் அணுக்கள் இல்லாத சிறு வெற்றிடங்கள் கூட்டமாக உருவாகும். அவைதான் ஒளியை உறிஞ்சிப் பழுப்பாகக் காட்டுகின்றன. இந்தப் பாடம் கடையில் உதவும்: பழுப்பு பல கற்களில் சீராகப் பரவாமல், மரப்பலகையின் இழை போல இணையான கோடுகளாக ஓடும். பத்து மடங்கு லூப்பில், கல்லின் அடிப்பக்கம் வழியாகச் சாய்த்துப் பார்த்தால் இந்த இழை பிடிபடும். இழை நெருக்கமாக இருந்தால் கல் பளிச்சென்று இல்லாமல் புகை படிந்ததுபோல் இருக்கும். எண்ணெய் தடவிய கண்ணாடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட கல்லை எழுத்து எதுவாக இருந்தாலும் விட்டுவிடலாம்.

கடையில் பார்க்கும் முறை

கட்டாத கல்லாகக் கேளுங்கள். மோதிரத்தில் கட்டிய கல்லில் தங்கத்தின் நிறம் உள்ளே ஏறிவிடும், சரியாகப் பார்க்க முடியாது.

கல்லை முதலில் துடைக்கச் சொல்லுங்கள். வைரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஒரு ஈர்ப்பு. நான்கு பேர் விரலில் பிடித்த கல்லின் அடிப்பக்கத்தில் ஒரு படலம் படிந்துவிடும், அதுவே மங்கலாகக் காட்டும். ஸ்பிரிட் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடைத்தபின் விரல் படாமல் சாமணத்தால்தான் எடுக்க வேண்டும்.

பளபளப்பில்லாத வெள்ளை விசிட்டிங் கார்டு ஒன்றை நடுவில் மடித்து 'வி' போல வையுங்கள். பிரிண்டருக்குப் போடும் பளீர் வெள்ளைத்தாள் வேண்டாம். அதில் கலந்திருக்கும் வெளுப்பான் நீலமாக ஒளிர்ந்து, பழுப்பைக் கொஞ்சம் மறைத்துவிடும். கார்டின் மடிப்பில் கல்லைக் குப்புற வையுங்கள்: தட்டையான மேல்முகம் கீழே, கூர்முனை மேலே. வைரம் தன் வெட்டின் வலிமையால் முகப்பக்கம் நிறத்தை மறைக்கும். குப்புற வைத்தால் மறைக்க முடியாது. ஆய்வகத்திலும் டி முதல் இசட் வரையுள்ள கற்களை இப்படி வைத்துத்தான் நிறம் பார்க்கிறார்கள்.

அடுத்து விளக்கு. நகைக்கடைக் கூரையில் இருக்கும் மஞ்சள் ஸ்பாட் விளக்குகள் கல்லை மின்ன வைப்பதற்காக இருப்பவை. அவற்றின் கீழ் பழுப்பும் மஞ்சளும் கரைந்துபோகும். 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் சாதாரண டேலைட் டியூப் போதும், கல்லுக்கு ஒரு சாண் உயரத்தில். அது இல்லையென்றால் பகலில், நேர் வெயில் படாத ஜன்னலோரம். சிவப்புப் பட்டுப்புடவையோ காவி நிறச் சுவரோ பக்கத்தில் இருந்தால் தள்ளி உட்காருங்கள். கல் கண்ணாடி மாதிரி, சுற்றியிருக்கும் நிறத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும்.

தனிக் கல்லைப் பார்த்து நிறம் சொல்ல அனுபவசாலிக்கே கஷ்டம். ஒப்பிட இன்னொரு கல் வேண்டும். ஏறக்குறைய அதே எடை, அதே வடிவம், ஜி அல்லது எச் என்று சான்றுள்ள நோ பி.ஜி.எம். கல்லைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஐந்து விநாடி பாருங்கள், கண்ணை எடுங்கள், மறுபடி பாருங்கள். தொடர்ந்து முறைத்துப் பார்த்தால் கண் பழகி எல்லாம் வெள்ளையாகத் தெரியும். பிறகு இரண்டு கற்களையும் இடம் மாற்றி வையுங்கள். ஒரே நிறமுள்ள இரண்டு கற்களில்கூட, வைத்திருக்கும் பக்கத்தைப் பொறுத்து ஒன்று கருத்ததுபோல் தோன்றும். இடம் மாற்றியும் அதே கல்தான் மங்கலாகத் தெரிகிறது என்றால் அது நிஜம்.

கூர்முனைப் பக்கம்தான் நிறம் திரண்டு நிற்கும், அங்கே கவனம் வையுங்கள். மஞ்சள் சாயலுள்ள கல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்ட தண்ணீர் போல இருக்கும், வெளிச்சம் குறையாது. பழுப்புக் கல் மூன்றாம் முறை வெந்நீர் ஊற்றி இறக்கிய டிகாஷன் போல இருக்கும், நிறத்தோடு வெளிச்சமும் ஒரு படி இறங்கும். சந்தேகமாக இருந்தால் கல்மேல் வாயால் மெல்ல ஊதுங்கள். ஆவி படிந்த ஒரு கணம் மினுமினுப்பு அடங்கி, உடலின் நிறம் மட்டும் தெரியும்.

இனி நிமிர்த்தி வைத்து முகத்தைப் பாருங்கள். முதலில் டியூப் வெளிச்சத்தில், பிறகு மேசைக்கு அடியிலோ உங்கள் உள்ளங்கையின் நிழலிலோ. டி.டி.எல்.பி. கல் நிழலிலும் வெள்ளையாகத்தான் தெரியும். டி.எல்.பி. நிழலுக்குப் போனதும் முகம் வாடும். எல்.பி. நேர் வெளிச்சத்திலேயே காட்டிக்கொடுக்கும். வீட்டுக்குள், மாலை வெளிச்சத்தில் போடுவதுதான் அதிகம் என்பதால் இந்த நிழல் சோதனைக்கு மற்றவற்றைவிட அதிக மதிப்புக் கொடுக்கலாம்.

ஒரு குழப்பம் மட்டும் இங்கே வரும். சில கற்களில் மேற்பரப்பை எட்டும் கீறல்களுக்குள் இரும்புத் துரு புகுந்து ஆரஞ்சுப் பழுப்பாகப் படிந்திருக்கும். அது உடல் நிறமல்ல. லூப்பில் பார்த்தால் கறை ஓரிடத்தில் மட்டும் நிற்கும், கல்லைத் திருப்பினால் அதுவும் நகரும். பட்டறையில் அமிலத்தில் கொதிக்கவைத்தால் பெரும்பாலும் போய்விடும். கறை போனபின் மறுபடி நிறம் பார்த்துத்தான் விலை பேச வேண்டும். ஆனால் கறை புகுந்த கீறல் அங்கேயேதான் இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

செல்போன் வீடியோவில் பார்ப்பவர்களுக்கு

வெள்ளைப் பின்னணியில் சுழலும் 360 டிகிரி வீடியோவை நம்பிப் பழுப்பை ஒதுக்க முடியாது. செல்போன் கேமரா வெள்ளையைத் தானாகச் சரிசெய்யும், சரிசெய்கிற வேகத்தில் கல்லின் பழுப்பையும் துடைத்துவிடும். விற்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: உங்கள் கல்லும் சான்றுள்ள ஒரு ஜி கல்லும் ஒரே படத்தில், குப்புற, மங்கல் வெள்ளைக் கார்டின்மேல், ஜன்னல் வெளிச்சத்தில். இரண்டும் ஒரே படத்தில் இருப்பதால் கேமரா என்ன மாற்றினாலும் இரண்டுக்கும் சேர்ந்தே மாறும், வித்தியாசம் தப்பிக்காது. பிறகு விரலிடுக்கில் வைத்து ஒரு வீடியோ. இதைக் கொடுக்க மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

வடிவமும் அளவும்

பழுப்பை மறைக்க வேண்டுமானால் வட்டக் கல்தான். நன்றாக வெட்டிய வட்டக் கல் வெளிச்சத்தை மேலேயே திருப்பி அனுப்பிவிடும். கல்லின் அகலத்தில் மொத்த ஆழம் 60 முதல் 62.5 சதவீதம், டேபிள் எனப்படும் தட்டையான மேல்முகம் 54 முதல் 58 சதவீதம், மேற்கோணம் 34 முதல் 35 டிகிரி, அடிக்கோணம் 40.6 முதல் 41 டிகிரி. சான்றிதழின் வரைபடத்தில் இந்த எண்கள் இருக்கும். பழுப்புக் கல்லில் கட், அதாவது வெட்டின் தரம், விஷயத்தில் மட்டும் எக்ஸலன்டிலிருந்து இறங்காதீர்கள். ஏற்கனவே வெளிச்சம் ஒரு படி குறைந்த கல், வெட்டும் சரியில்லையென்றால் செத்தமாதிரி இருக்கும். கிளாரிட்டியில், அதாவது உள்ளே குறைகள் எவ்வளவு என்ற தரத்தில், வேண்டுமானால் எஸ்.ஐ.1 வரை இறங்கிக் காசு மிச்சம் பிடிக்கலாம், டேபிளுக்கு நேர் கீழே கறுப்புப் புள்ளி இல்லாதவரை.

எமரால்டு கட், ஆஷர் கட் போன்ற நீளப்பட்டைக் கற்கள் ஜன்னல் மாதிரி, உள்ளே இருப்பதை அப்படியே காட்டும். லேசான பழுப்புக்கு அவை ஆகாது. ரேடியன்ட், குஷன் என்ற இரண்டு வடிவங்களும் நிறத்தைத் திரட்டிக் கொடுப்பவை. அதனால் காபி நிறக் கல் தேடுபவர்களுக்கு அவைதான் சரி.

அளவு கூடினால் நிறம் கூடித் தெரியும். வட்டக் கல் 10 சென்ட் என்றால் சுமார் 3 மில்லிமீட்டர், 50 சென்ட் சுமார் 5.1, ஒரு காரட் சுமார் 6.5. 20 சென்ட்டுக்குக் கீழே டி.டி.எல்.பி. பற்றிக் கவலைப்படுவது வீண். ஒரு காரட்டைத் தாண்டினால் கட்டாயம் கவலைப்பட வேண்டும்.

தங்கமும் துணைக் கற்களும்

ரோஸ் கோல்டும் மஞ்சள் தங்கமும் பழுப்பைத் தங்களோடு சேர்த்துக்கொள்ளும். பிளாட்டினமும் வெள்ளைத் தங்கமும் காட்டிக்கொடுக்கும். கல்லைப் பிடிக்கும் கொக்கிகள் மட்டும் வெள்ளை, வளையம் மஞ்சள் என்பது வெள்ளைக் கல்லுக்கான ஏற்பாடு. பழுப்புக்குக் கொக்கியும் மஞ்சளாகவே இருக்கட்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு துணைக் கற்களில்தான். நடுவில் டி.டி.எல்.பி. கல்லை வைத்துவிட்டு, சுற்றிலும் 'இ எஃப்' கலர் பொடிக் கற்களை அடுக்கச் சொல்வார்கள், பார்க்கப் பிரமாதமாக இருக்கட்டும் என்று. பனிவெள்ளைக்கு நடுவே நடுக்கல் அழுக்காகத் தெரியும். சுற்றுக் கற்கள் ஜி எச் போதும், செலவும் குறையும். நேர்மாறாக, ஃபேன்சி பிரவுன் கல்லுக்கு நல்ல வெள்ளைச் சுற்று வைத்தால் காபி நிறம் எடுப்பாக நிற்கும்.

ஏழு கல் தோடு வாங்குவோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. இரண்டு காதுக்கும் சேர்த்துப் பதினான்கு கல். இங்கே நல்ல நிறத்தைவிட ஒரே நிறம் முக்கியம். பதினான்கும் ஒரே மாதிரி லேசாகப் பழுப்பாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, பன்னிரண்டு வெள்ளையும் இரண்டு பழுப்பும் என்றால் முதல் பார்வையிலேயே குத்தும். பின்பக்கம் மூடிய க்ளோஸ் செட்டிங்கில் கட்டிவிட்டால் கல்லைக் குப்புற வைத்துப் பார்க்கவே முடியாது. கட்டுவதற்குமுன் பதினான்கையும் கார்டு மடிப்பில் வரிசையாகக் குப்புற அடுக்கிப் பார்த்துவிடுங்கள். வேறாகத் தெரிவது தானாக எழுந்து நிற்கும்.

தோடு வாங்கும் வீடுகளில் இன்றும் ப்ளூ ஜாகர் என்ற பேச்சு உண்டு. தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டெய்ன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது, நீலம் பாய்ந்த வெள்ளைக்குப் பெயர்போனது. அதே சுரங்கத்தில்தான் 1967-இல் 248.9 காரட் கச்சா வைரம் ஒன்று கிடைத்து, 111.59 காரட் எர்த் ஸ்டார் ஆனது. அதன் நிறம் அசல் காபிப் பழுப்பு. சுரங்கத்தின் பெயரை வைத்து நிறம் சொல்பவரிடம் இதைச் சொல்லலாம்.

காபி நிறக் கல் தேடுபவர்களுக்கு

ஷாம்பெயின், காக்னாக், சாக்லேட் எல்லாம் வியாபாரப் பெயர்கள். 1980-களில் ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் திறந்தபோது அங்கே கிடைத்ததில் பெரும்பகுதி பழுப்புக் கற்கள். அவற்றை விற்க சி1 முதல் சி7 வரை ஓர் அளவுகோல் வைத்தார்கள். சி1 வெளிறிய ஷாம்பெயின், சி7 காக்னாக். சுரங்கம் 2020 நவம்பரில் மூடிவிட்டது, அளவுகோல் மட்டும் கடைகளில் ஓடுகிறது, எங்கிருந்து வந்த கல்லுக்கும் ஒட்டுகிறார்கள். விலை பேச இது போதாது. ஆய்வகச் சான்றிதழில் ஃபேன்சி லைட் பிரவுன், ஃபேன்சி பிரவுன், ஃபேன்சி டார்க் பிரவுன் என்று என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இந்த வகைக் கற்களுக்கு நிறம் பார்ப்பது குப்புற வைத்து அல்ல, முகப்பக்கமாக.

சான்றிதழில் நிறப்பெயரின் கடைசிச் சொல்தான் பிரதானம். பிங்கிஷ் பிரவுன் என்றால் இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு. பிரவுனிஷ் பிங்க் என்றால் பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு, விலை பல மடங்கு. சொற்களை மாற்றிச் சொல்லி விற்பவர்கள் உண்டு. டார்க் வகையில் வெளிச்சம் அறவே அடங்கிய கற்களும் வரும், அவற்றைச் சாதாரண டியூப் வெளிச்சத்தில் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

நிறம் மாற்றிய கற்கள்

பழுப்பு இரண்டு பக்கமும் ஏமாற்றும். கதிர்வீச்சு கொடுத்துச் சூடாக்கி, மதிப்புக் குறைந்த கல்லைக் காக்னாக் நிறத்துக்குக் கொண்டுவரலாம். இன்னொரு பக்கம், நைட்ரஜன் அநேகமாக இல்லாத டைப் 2ஏ பழுப்புக் கல்லை மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைத்து வெள்ளையாக்கலாம். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1999-இல் இந்த எச்.பி.எச்.டி. முறைக் கற்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கண்ணாலோ லூப்பாலோ இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஃபேன்சி கல் சான்றிதழில் நிறம் எப்படி வந்தது என்ற இடத்தில் 'நேச்சுரல்' என்று இருக்க வேண்டும். வெள்ளைக் கல்லின் சான்றிதழில் இந்த முறை பற்றிச் சொல்லியிருக்கிறதா என்று குறிப்புப் பகுதியைப் படியுங்கள்.

ஆய்வகத்தில் வாயுவிலிருந்து வளர்த்த சி.வி.டி. வைரம் வாங்குவோரும் பழுப்பைத் தேட வேண்டும். வேகமாக வளர்த்த சி.வி.டி. கல் பழுப்பாகத்தான் வெளிவரும், பிறகு எச்.பி.எச்.டி. கொடுத்து வெளுக்க வைப்பார்கள். வெளுப்பு அரைகுறையாக நின்ற கற்களும் சந்தையில் உண்டு. மேலே சொன்ன கார்டுச் சோதனையையே செய்யுங்கள்.

புற ஊதா வெளிச்சம் பட்டால் சில கற்கள் காட்டும் நீல ஒளிர்வு (ஃப்ளோரசன்ஸ்) பற்றி ஒரு வரி: மஞ்சள் சாயலை அது ஓரளவு ஈடுகட்டும், பழுப்புக்கு அந்த அளவு உதவாது. 'ஃப்ளோரசன்ஸ் இருக்கு, வெயில்ல வெள்ளையாயிடும்' என்ற பேச்சுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

விலையும் பில்லும்

வியாபாரிகள் ராப்பபோர்ட் என்ற வைர விலைப்பட்டியலை வைத்து, அதிலிருந்து இத்தனை சதவீதம் கழிவு என்பதை 'ராப் மைனஸ்' இத்தனை என்று பேசுவார்கள். பட்டியலில் பழுப்புக்குத் தனிக் கட்டம் கிடையாது, அதனால் கழிவுதான் கூடும். கடையில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "இந்த எச் கல்லு நோ பி.ஜி.எம்.மா, டி.டி.எல்.பி.யா? ரெண்டுக்கும் சென்ட்டுக்கு என்ன வித்தியாசம்?" பதில் சொல்லத் தெரிந்தவர் விலையையும் தானாகக் குறைத்துச் சொல்வார். "அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது சார்" என்று வந்தால், அதே கடையின் வேறு எச் கல்லைக் கேட்டு இரண்டையும் குப்புற வைத்துக் காட்டுங்கள்.

பணம் கட்டுமுன் கல்லின் இடுப்பில், அதாவது சுற்று விளிம்பில், லேசரால் பொறித்த எண்ணை லூப்பில் படித்துச் சான்றிதழோடு ஒத்துப்பாருங்கள். அதே எண்ணை ஆய்வகத்தின் இணையப் பக்கத்தில் போட்டு எடை, அளவு, நிறம் மூன்றும் ஒன்றுதானா என்று பாருங்கள். பில்லில் எடை, சான்றிதழ் எண் இரண்டோடு 'நோ பி.ஜி.எம்.' அல்லது 'டி.டி.எல்.பி.' என்று கையாலாவது எழுதி வாங்குங்கள். திரும்பக் கொடுக்கும்போது எந்த விலையின்மேல் எத்தனை சதவீதம் தருவார்கள் என்பதும் அதே பில்லில் வர வேண்டும். நகை கட்டி வந்ததும் இன்னொரு முறை இடுப்பு எண்ணைப் பாருங்கள். கொக்கி மறைத்துவிடும் என்றால், எண் வெளியே தெரியும்படி கல்லைத் திருப்பிக் கட்டச் சொல்லி ஆசாரிக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.